மலையேறி வந்த பேச்சு

மலைநாட்டு முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழமையாக மூன்று வாசல்களில் நிற்பார்கள்: பள்ளிவாசல், பாடசாலை வாசல், கடை வாசல். மூன்றுக்கும் காணி உறுதி உண்டு, கட்டிய ஆண்டு உண்டு, ஒரு பெயர்ப்பலகையாவது உண்டு. ஆராய்கிறவனுக்கு அது பெரிய வசதி. கட்டடமே இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார். ஒரு பின்னேரப் பொழுதில் முப்பது நாற்பது பேருக்கு முன்னால் பேசுகிறார். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த கோச்சியில் இறங்கிப் போய்விடுகிறார். அவர் இருந்த கதிரையை மறுநாள் கடைக்கு வந்த வேறு யாரோ இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். இந்த மாதிரிப் பேச்சுக்கும் எங்கள் மலைகளில் ஒரு சரித்திரம் உண்டு. அதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது பட்டிப்பொலவில். கடல் மட்டத்திலிருந்து 6200 அடிக்கு மேலே, இலங்கையின் றெயில் நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது எங்களுடையது. நிலையத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் பாதையின் உச்சியைக் குறிக்கும் பலகை, அதற்கப்பால் சுரங்கம், சுரங்கத்தின் அந்தப் பக்கம் ஊவா மாகாணம், ஒஹிய. உல்லாசப் பயணிகளுக்கு இது ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழி. எங்களுக்கு உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், பனி. எங்கள் சனத்தின் வீடுகள் இங்கே கொஞ்சம்தான். அயலவர்கள் சிங்களவர்களும் தோட்டத் தமிழர்களும். நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை, போயா தினத்தில், கடை மேல்மாடியில் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்கிறோம். இந்தக் கூட்டத்துக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் இரண்டு கூட்டமாகிவிடும். நம்மட ஆக்களை நமக்குத் தெரியாதா?

கொஞ்ச காலத்துக்கு முன் இந்தக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. எழுப்பியவர் எங்களில் மூத்தவர், மரக்கறி லொறி வைத்திருக்கும் நானா. "தம்பி, மாசா மாசம் ஒருத்தரக் கூட்டிக்கொண்டு வாறோம். வாறவரு பேசுறாரு, போறாரு. நமக்கு மிஞ்சுறது என்ன? கோச்சி டிக்கட்டும் கோழிக்கறிச் செலவும்தானே? அந்தக் காச நாலு புள்ளையளுக்கு டியூசனுக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். பேச்சாளர்களைக் குறை சொல்லும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தன் வீட்டிலேயே படுக்கை போட்டுக் கொடுப்பவர் அவர். கேள்வியில் நியாயம் இருந்தது. வந்து பேசிவிட்டுப் போனவர்கள் இந்த மலைகளில் எதை விட்டுப் போனார்கள் என்று பழைய காலத்தில் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

தமிழில் மேடைப் பேச்சு நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. புராண படனமும் கதாப்பிரசங்கமும் புலவர் வாதமும் முன்பே இருந்தன. ஆனால் குறித்த நாளில், குறித்த பொருளைப் பற்றி, வந்தவர் எல்லாருக்கும் பொதுவாக ஒருவர் நின்று பேசுவது பாதிரிமாரின் பிரசங்க மேடையிலிருந்து வந்தது. வெஸ்லியன் பாதிரியார் பேர்சிவலிடம் பல ஆண்டு வேலை பார்த்த ஆறுமுக நாவலர் அந்த ஆயுதத்தைப் பழகிக்கொண்டு, 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு அது வெள்ளி தோறும் நடந்தது. அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேட் தமிழ் மேடைப் பேச்சின் தோற்றத்தை இந்தத் திசையில் வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வண்ணார்பண்ணையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவருக்காக அங்கே மறுபடியும் போக இருக்கிறோம்.

நம்மிடமும் கேட்கும் மரபு இருந்தது. குத்பா, ஹதீஸ் மஜ்லிஸ், மௌலிது, கந்தூரி இரவுகளில் ஆலிம்களின் பயான். இவற்றிலெல்லாம் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் அடக்கமாகக் கேட்பார்கள். எழுந்து கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு. ஆனால் நமது இலக்கியம் வேறு மாதிரி நடந்திருக்கிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல் 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா. அது முழுக்கக் கேள்வியும் பதிலும்தான். நபிகள் நாயகத்திடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கிறார், கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். பின்னால் நமது பெண்கள் வீடுகளில் விரும்பி வாசித்த நூறு மசலாவில் கேள்வி கேட்பவள் ஒரு பெண். நூலுக்குள் இவ்வளவு கேள்விக்கு இடம் வைத்த சமூகம், சபையில் அதைப் பூட்டி வைத்துவிட்டது. இது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் இருக்கலாம்.

அந்தப் பூட்டைக் கண்டியில் பிறந்த ஒரு வழக்கறிஞர் திறந்தார். முகம்மது காசிம் சித்திலெவ்வை (1838–1898) என்றால் நம் பிள்ளைகளுக்கு முஸ்லிம் நேசனும் அசன்பேயுடைய கதையும்தான் ஞாபகம் வரும். 1882 டிசம்பரில் பத்திரிகை, 1885இல் நாவல்: பரீட்சைக்கு இந்த இரண்டு ஆண்டும் போதும். ஆனால் அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். கண்டி, கம்பளை, குருநாகல் என்று முஸ்லிம்கள் கூடியிருந்த இடங்களுக்குப் போய், பிள்ளைகளை இங்கிலீசும் கணிதமும் படிக்க அனுப்புங்கள், பெண் பிள்ளைகளையும் படிப்பியுங்கள் என்று கேட்டார். அன்றைக்கு அது இலேசான பேச்சல்ல. இங்கிலீசுப் பள்ளிக்கூடம் என்றால் பாதிரிப் பள்ளிக்கூடம். அங்கே போனால் ஈமான் போய்விடும் என்று தகப்பன்மார் பயந்த காலம். பயத்தில் பொய்யும் இல்லை.

அதே ஆண்டுகளில் சிங்கள ஊர்களில் கேணல் ஒல்கொட் மாட்டு வண்டியில் போய்ப் பௌத்தப் பாடசாலைகளுக்காகப் பேசிப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அவர் காலியில் வந்திறங்கியது 1880இல். 1883 ஜனவரியில் எகிப்தின் புரட்சியில் தோற்ற ஒராபி பாஷாவும் அவருடைய ஆறு தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்தார்கள். பிரித்தானியர் கைதியாக அனுப்பிய மனிதரை நமது சனம் விருந்தாளியாக எடுத்துக்கொண்டது. சித்திலெவ்வையும் ஒராபியும் சேர்ந்த சேர்க்கையில் 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை எழுந்தது. அது நீடிக்கவில்லை. சோர்ந்துபோகாமல் மறுபடியும் பேசினார்கள். 1892இல் மருதானையில் அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா திறந்தது. அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. ஒராபி பின்னர் கண்டியில் வந்து குடியிருந்தார். 1901இல்தான் ஊர் திரும்பினார். அவர் இருந்த வீடு கண்டியில் இன்று அரும்பொருளகமாக இருக்கிறது.

ஒரு பேச்சு எதை விட்டுப் போகும் என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது: ஒரு பாடசாலையை. ஆனால் முதல் பாடசாலை நின்றுபோய், எட்டு ஆண்டு கழித்து இரண்டாவது நிலைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1885இல் எங்கள் நானா அங்கே இருந்திருந்தால், "பேசினீங்க, இப்ப என்ன மிச்சம்?" என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

சித்திலெவ்வை ஊர் ஊராகப் பேசத் தொடங்கிய காலத்தில் எங்கள் பக்கத்துக்குக் கோச்சி இருக்கவில்லை. றெயில் பாதை நானுஓயாவை எட்டியது 1885இல். அங்கிருந்து மலையைக் குடைந்து, உச்சியைத் தாண்டி, ஹப்புத்தளையை எட்டியது 1893இல். அந்த எட்டு ஆண்டுகளில்தான் பட்டிப்பொலவுக்குத் தண்டவாளம் வந்தது. அதற்கு முன் இந்த மலைகளில் ஏறியவர்கள் தவளக்காரர்கள். பொதிமாட்டில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி, பாக்கும் மிளகும் இறக்கிய நம் முன்னோர். கண்டி மன்னர் காலத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே மடிகே என்றொரு பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நாம் அன்போடு சொல்லும் இமாமுல் அரூஸ் (1816–1898) கீழக்கரையிலிருந்து வியாபாரமும் மார்க்கமும் சேர்த்தே இலங்கை எங்கும் நடந்தார். அறபுத் தமிழில் எழுதினார். போன இடங்களில் பள்ளிவாசல் எழுப்பினார். அவரும் சித்திலெவ்வையும் ஒரே ஆண்டில் மறைந்தார்கள். ஒருவர் அறபுத் தமிழ்க் கிதாபோடும் மற்றவர் அச்சுப் பத்திரிகையோடும் போன அதே பாதைகள்தான்.

றெயிலும் பேச்சும் ஒன்றாகப் போவதை வேறு நாட்டிலும் காணலாம். அமெரிக்காவில் 1826இல் ஜோசையா ஹோல்புறூக் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்பெரி என்ற சிற்றூரில் லைசியம் என்ற கற்றல் சங்கத்தைத் தொடக்கினார். ஊரார் சேர்ந்து சந்தா கட்டி ஒருவரை அழைத்துப் பேசக் கேட்பது. சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. எமர்சன் போன்றவர்களுக்கு இப்படி ஊர் ஊராகப் போய்ப் பேசுவதே பிழைப்பின் ஒரு பகுதியாயிற்று. ஆரம்பத்தில் அங்கே உள்ளூர் ஆசிரியரும் கொல்லரும்தான் பேசினார்கள். றெயில் நீள நீளப் பெயர்பெற்ற வெளியூர்ப் பேச்சாளர்கள் வந்தார்கள்; உள்ளூர்க்காரர் மேடையைவிட்டு இறங்கிக் கேட்போர் வரிசைக்குப் போனார்கள். இதை வாசித்தபோது எனக்கு நானாவின் கேள்வி இன்னொரு பக்கத்திலிருந்தும் குத்தியது.

மலைநாட்டில் தண்டவாளம் எல்லாருக்குமாகத் திறந்திருக்கவில்லை. கோச்சி ஏறி ஹட்டனிலோ நானுஓயாவிலோ இறங்கலாம். அங்கிருந்து தோட்டத்துக்குள் காலடி வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். துரைமாருக்குச் சங்கம் இருந்தது, 1854இலேயே. நுவரெலியாவில் 1876 முதல் ஹில் கிளப் இருந்தது. வெளியாட்களை அழைத்து விருந்து வைக்க அவர்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. லயத்தில் இருந்தவனைப் பார்க்க வெளியாள் வந்தால் அத்துமீறல் வழக்கு. மலைநாட்டில் விருந்தாளிப் பேச்சாளர் என்ற விஷயத்தின் முழுக் கனமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பேச ஆள் கிடைப்பதும் கேட்க ஆள் கிடைப்பதும் பிரச்சினையல்ல. இருவரும் சந்திக்க ஓரிடம் கிடைப்பதே பிரச்சினை.

அந்த இடம் பெரும்பாலும் பஸார்தான். பஸாரில் கடை நம்மவர்களுடையதும் செட்டிமாருடையதும் சிங்கள முதலாளிமாருடையதும். தோட்டத்துக்குள் துரை அனுமதித்த ஒரே வெளியாள் என்று சொன்னால், சம்பள நாளில் தலையிலோ தோளிலோ புடவைக் கட்டைச் சுமந்துபோன பொட்டணி வியாபாரி. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947) இதைக் கண்டுகொண்டார். தோட்ட நிலைமையைக் கண்ணால் பார்க்க அவர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போன கதையைச் சாரல்நாடன் முதலியோர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாப்பா, அப்பாமாருக்குச் சோறு போட்ட தொழில், ஒரு பேச்சாளருக்குக் கடவுச்சீட்டாக உதவியிருக்கிறது. மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் இது ஒரு சுவையான சம்பவமாக மட்டும் வந்துபோகிறது. பொட்டணி வியாபாரிகள் லயங்களுக்குள் துணியோடு சேர்த்து எவ்வளவு செய்தியைச் சுமந்தார்கள் என்று நமது ஆய்வாளர்கள் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாளைச் சொல்லாமல் போகக்கூடாது. வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் பேச்சைவிடப் பாட்டு நன்றாக ஏறும் என்று உணர்ந்து, கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடினார். அவற்றை அச்சிட்டும் கொடுத்தார். பேச்சாளர் போன பிறகும் கொழுந்து மலையில் பாட்டு இருந்தது. சித்திலெவ்வை விட்டுச்சென்றது பாடசாலை என்றால், இவர் விட்டுச்சென்றது வாயில் நிற்கும் ஒரு மெட்டு.

விருந்தாளி ஒருவர் பேசியதற்காக அரசாங்கமே ஆடிப்போன சம்பவமும் நமது மலையில் நடந்தது. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சியின் கூட்டம். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற இளைஞரும் பேசினார். இங்கிலாந்தில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, மடுல்கலையில் ஒரு தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர். தொழிலாளியோடு ஒட்டிப் பழகியதால் வேலை போயிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர், கூலிச் சனம் என்று மற்றவர்கள் தள்ளிவைத்தவர்களின் கூட்டத்தில் நின்று, தோட்டத் துரைமாரைச் சாடிப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார், பிறகு பிடிபட்டார், வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் 1937 மே மாதம் அந்தத் தடுத்துவைப்பு சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. ஓர் ஊரில் ஒரு பின்னேரம் பேசிய பேச்சு, ஒரு நாட்டின் குடியியல் உரிமை வழக்கு வரலாற்றில் ஏறிக்கொண்டது. அவர் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதியிருந்தால் துரைமார் இவ்வளவு பதறியிருப்பார்களா?

இப்போது வண்ணார்பண்ணைக்குத் திரும்பலாம். நாவலர் முதற் பிரசங்கம் செய்த அதே வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது அங்குள்ள உழவர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவர் முயற்சியால் தொடங்கியது. 1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபரானார். 1950இல் வை.எம்.எம்.ஏ. என்ற முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையை உருவாக்கினார். அதன் கிளைகள் மலைநாட்டு நகரங்களிலும் எழுந்தன. மாதக் கூட்டம், விருந்தாளிப் பேச்சாளர், நன்றியுரை, தேத்தண்ணி என்று நாம் இன்றைக்கு அறிந்த ஒழுங்கு நம் ஊர்களில் வேரூன்றியதில் இந்தக் கிளைகளுக்குப் பெரும் பங்குண்டு. நன்றியுரை பேச்சை விட நீளமாகும் வழக்கமும் அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ!

அஸீஸ் நல்ல பேச்சாளர் என்பது பலர் சொல்லும் செய்தி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பேசிய விஷயத்தை அவர் எழுத்திலும் போட்டார். 1963இல் வந்த இலங்கையில் இஸ்லாம் என்ற நூலை இன்றும் விட்டுவிட்டு இந்தத் துறையில் எழுத முடியாது. பேச்சு, பணம், புத்தகம் மூன்றையும் ஒன்றாகப் பிடித்தார். சகாய நிதியில் படித்த எத்தனையோ பேர் அவரை ஒரு தடவைகூட மேடையில் பார்த்திருக்க மாட்டார்கள். டியூசனுக்குக் காசு கொடுக்கச் சொன்ன எங்கள் நானாவும் அந்த வகையில் அஸீஸின் ஆள்தான். அவருக்கே அது தெரியாது.

கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னையையும் இங்கே சொல்ல வேண்டும். சுற்றிவரச் சிங்கள ஊர்கள். நடுவில் ஒரு முஸ்லிம் கிராமம். அங்கே பிறந்த எஸ்.எம். ஹனிபா கல்ஹின்னைத் தமிழ் மன்றத்தை நடத்தினார். ம.மு. உவைஸ் பல்கலைக்கழகப் பட்டத்துக்காகச் செய்த, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு பற்றிய ஆய்வை 1953இல் நூலாக வெளியிட்டது அந்த மன்றம்தான். பெரிய நகரத்துப் பெரிய நிறுவனங்கள் செய்யாததை ஒரு கிராமத்து மன்றம் செய்தது. பின்னாளில் மருதமுனை, திருச்சி, கொழும்பு என்று இஸ்லாமியத் தமிழ் ஆராய்ச்சி மாநாடுகள் கூடியபோது எல்லாரும் கையில் எடுத்த முதல் நூல்களுள் அது ஒன்று. விருந்தாளியை அழைத்துப் பேசக் கேட்டதோடு நிற்காமல், அவர் கையிலிருந்த தாளை வாங்கி அச்சுக்குக் கொடுத்த ஊர் என்றே நான் கல்ஹின்னையை நினைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் கேட்கும் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பஸாரில் கடை வைத்திருந்த, தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் சம்மாங்காரர் குடும்பங்களையும் தற்காலிக வதிவிட அனுமதி என்ற வால் பிடித்துக்கொண்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். அப்புறம் பல ஆண்டுகளாக எங்கள் பாதையில் இறங்கிய கோச்சிகளில் தகரப் பெட்டியும் அழுகையுமாகப் போன குடும்பங்களை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பேச வருகிறவரை ஏற்றி வந்த அதே கோச்சி, கேட்க இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

நாள் பற்றியும் ஒரு வார்த்தை. 1966 ஜனவரியிலிருந்து 1971 நடுப்பகுதி வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இருக்கவில்லை. போயாவை வைத்து வாரம் கணக்கிட்டார்கள். வாரத்தின் நீளமே சிலவேளை மாறும். "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால் இரண்டு பதில் வரும் காலம். 1971க்குப் பிறகு சனி, ஞாயிறு திரும்பியது; பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றுவிட்டது. அதனால்தான் மதம் வேறானாலும் மாதக் கூட்டம் என்றால் எல்லாருக்கும் வசதியான நாள் பௌர்ணமி என்றாயிற்று. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி தோறும் கவியரங்கு வைத்ததும் இந்த வசதியால்தான். எங்கள் ஊரில் இன்னொரு சௌகரியமும் உண்டு. போயா அன்று சாராயக் கடை பூட்டு. தோட்டத்துச் சகோதரர்கள் தெளிவான தலையோடு வந்து உட்காருவார்கள். சில நேரம் பேச்சாளரைவிடத் தெளிவாகக் கேள்வி கேட்பார்கள்.

இவ்வளவையும் நான் ஒரு போயாவில் கூட்டத்திலேயே சொன்னேன். வெளியூர்ப் பேச்சாளர் பனிமூட்டத்தாலோ என்னவோ வராமல் போன மாதம் அது. நானா முழுவதையும் கேட்டார். "சரி தம்பி, அவங்கெல்லாம் பெரிய மனிசர். ஸாஹிராவக் கட்டினாங்க, நிதி வெச்சாங்க. நாங்க என்னத்தக் கட்டுறது?" என்றார். அதற்குப் பின்வரிசையில் இருந்து ஒரு பதில் வந்தது. தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர். "அங்கிள், பேச்ச எழுதி வைக்கக் கஷ்டம்னா கேள்வியையாவது எழுதி வைங்களேன்" என்றார். பேச்சாளர் சொன்னது அவரோடு போய்விடும். ஆனால் கேள்வி நம்ம ஊர்ச் சொத்து, அது எங்கேயும் அச்சாகாது என்பது அவர் வாதம்.

அன்றைக்கே கடையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தோம். இப்போது அதில் கேள்விகள் மட்டும் இருக்கின்றன: திகதி, கேள்வி, கேட்டவர் ஆணா பெண்ணா, எந்த மொழியில் கேட்டார். பெயர் எழுதுவதில்லை, பெயர் எழுதினால் பாதிப்பேர் கேட்க மாட்டார்கள். மாதம் ஒன்றுவிட்டு ஒன்று வெளியூர்க்காரர், மற்ற மாதம் உள்ளூர்க்காரர் என்றும் முடிவாயிற்று. இதில் எனக்கு முழுச் சம்மதம் இருந்தது என்று சொல்ல முடியாது. உள்ளூர்க்காரர் பேசினால் கேட்க ஆள் வராது என்று வாதாடினேன். ஆனால் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் உள்ளூர்க்காரர் பேசிய நாட்களில்தான் கேள்வி கூட. பெண்களின் கேள்வி இரண்டு மடங்கு. வெளியூர் ஆலிமிடமும் விரிவுரையாளரிடமும் வாய் திறக்காத உம்மாமார், விதை உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசியவரை மூச்சு விடவிடவில்லை. எங்கள் பிள்ளைகளில் சிலர் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகள் சிங்களத்தில் அப்படியே இருக்கின்றன. பத்து ஆண்டு கழித்து இந்தக் கொப்பியைப் பார்க்கிறவருக்கு எங்கள் ஊரில் எந்த மொழி எந்த வயதில் நின்றது என்பது தெரிந்துவிடும்.

சென்ற போயாவில் பேசியவர் றெயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வுபெற்ற சிங்கள ஐயா ஒருவர். விடிய முன்னர் விளக்கோடு சுரங்கத்துக்குள் நடப்பது, மழைக் காலத்தில் மண் சரியும் சத்தத்தை முன்கூட்டியே காதில் பிடிப்பது, பனியில் தண்டவாளம் எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். மொழிபெயர்த்தவர் எங்கள் லொறி நானா. சந்தையில் பழகிய சிங்களம், ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. முடிவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, உச்சிப் பலகையில் அடிக்கணக்கு எழுதியிருக்கிறதே, பாதை போட்டவங்கட பேர் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பலகை சின்னது, மகள், என்றார். நானா அதைத் தமிழில் சொன்னார். கேள்வியைக் கொப்பியில் எழுதும்படி பிறகு என்னிடம் கையைக் காட்டினார். பதிலையும் எழுதச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.